வைக்கோல் தீயில் காய்ந்த டோலக்

பிள்ளைகளே, இன்று வைக்கோல் எரிந்த வாசனையில், கோட்டுச்சேரியில் இப்போது ஒரு கடை நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் ஜெபக் கொட்டகை நினைவுக்கு வந்தது. கடற்காற்றின் ஈரத்தில் தொய்ந்துவிடும் டோலக்கை ஞாயிறுதோறும் அப்பா வைக்கோல் தீயில் காட்டி, தட்டித் தட்டி, தோல் விறைக்கும்வரை காயவைப்பார். ஜெபம் நடத்தும் பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

ஒரு ஞாயிறு அவருக்குப் பொறுக்கவில்லை. "கூத்துமேளம் இங்க எதுக்குடா? தன்கிட்ட வரணும்னு ஆண்டவர் முன்னாடியே தேர்ந்து முன்குறிச்சவங்க மேளம் இல்லாமலே வருவாங்க. அடிச்சீன்னா நான் இருக்கமாட்டேன்."

"எல்லாம் முன்குறிச்சதுன்னா, நான் அடிக்கிறதும் குறிச்சதுதானேண்ணே?" என்றார் அப்பா.

யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பா வேதத்தை மூடினார், செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். நாங்கள் பாடினோம். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்; மடியிலிருந்த டோலக் அடிபடாமலே மறுபடி தொய்ந்துபோனது.