வெயிலக்கா பார்த்த இடங்கள்

ஓர் இடத்தில் குறை மட்டுமே கண்ணில் படுகிற ஒருத்திக்கு அந்த இடம் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று சொல்வதா, அங்கே நிற்கத் தெரியவில்லை என்று சொல்வதா? வெயிலக்காவோடு பழகியவர்கள் இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு விதத்தில் கேட்டிருக்கிறார்கள். அவளுடைய அண்ணன் சுருக்கமாகக் கேட்பார்: "உனக்கு என்னதான்மா வேணும்?"

கல்யாணத்துக்கு முன்பு ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு வெளியிடம் தேடித் தருவது அவள் வேலை. படித்து வந்த வேலை அல்ல. கூரியர் அலுவலகத்தில் எட்டு மாதம், ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் ஐந்து மாதம் என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒரு ஸ்டூடியோவில் போன் எடுக்கச் சேர்ந்தாள். அங்கிருந்தும் கிளம்பியிருப்பாள். ஒருநாள் பூங்காவுக்குப் படம் எடுக்கப் போனவர்களை, உள்ளே மராமத்து நடக்கிறது என்று காவலாளி விரட்டிவிட்டார். மணப்பெண் வேனுக்குள் அழுகிறாள், ஸ்டூடியோக்காரர் போனில் கத்துகிறார். இவள் மேசையில் இருந்தபடியே, "மாவு மில்லுக்குப் பின்னாடி ஒரு நீளச் சுவர் இருக்கு சார். நாலு மணிக்கு வெயில் அதுல சாய்வா விழும். அஞ்சுக்கு லாரி வந்து மறைச்சிடும், அதுக்குள்ள எடுத்துடுங்க" என்றாள். அந்தப் படம் இப்போதும் கடை முகப்பில் பெரிதாக மாட்டியிருக்கிறது. மறுநாளே ஸ்டூடியோக்காரர் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார். "உன்னை உட்கார வெச்சா எனக்கு நஷ்டம்," என்றார்.

அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் அவள் பதில் வெயிலில் தொடங்கும். வெயில் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எது மறைக்கும். அதனால் வெயிலக்கா. அவளைவிட வயதில் மூத்த ஸ்டூடியோக்காரரும் சில நேரம் வாய் தவறி அக்கா என்றுவிடுவார்.

அவளைக் கலைஞர் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அழகைப் பற்றி அவளுக்குத் தனியாகக் கருத்து ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. மின்கம்பி, குப்பைத் தொட்டி, சேறு, தூரத்தில் தெரியும் மஞ்சள் விளம்பரப் பலகை, இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவாள். கடைசியில் மிஞ்சுவதுதான் இடம். அவளுடைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: "ஏரிக்கரை. காலை நல்லது. பத்துக்கு மேல் வண்டி கழுவ வருகிறார்கள். புல்லில் ஈரம், குதிகால் செருப்பு புதையும். கழிப்பறைக்கு ஆறு நிமிட நடை, நீளப் பாவாடையோடு பதினைந்து. காவலாளி சண்டை போட மாட்டார், பேசியே கொல்வார்."

ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். காலை ஏழு மணி, உச்சி வெயில், மாலை ஐந்தரை, மூன்று நேரமும் பார்க்காத இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டாள். போகும்போதெல்லாம் ஒரு கறுப்புக் குடையை மரத்திலோ சுவரிலோ சாய்த்து வைத்து, அதற்கு இரண்டு அடி தள்ளித் தான் நின்று, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வாள். மணப்பெண் அவள், மாப்பிள்ளை குடை. "ஜோடிப் பொருத்தம் பிரமாதம். குடைக்கு என்ன சம்பளம்?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்பார்.

"மழைக்காலத்துல மட்டும்தான் வேலை சார். அதான் யோசிக்கிறேன்."

அவளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அம்மா, அண்ணன், அண்ணி, அண்ணனின் இரண்டு பிள்ளைகள், அவள் என ஆறு பேர் மூன்று அறைகளில். அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. தட்டோடு ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடப்பாள். மாதம் ஒருமுறை கட்டிலின் திசையை மாற்றுவாள். அவளுக்கு வந்த வரன்கள் பதினொன்று. பதினொன்றையும் வேண்டாம் என்றிருக்கிறாள். கல்யாணமே வேண்டாம் என்பது அவள் எண்ணமல்ல. ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுவிடும். பட்டபின் அது மட்டுமே தெரியும். ஒரு தடவை ஸ்டூடியோக்காரரிடம் சொன்னாள்: "வந்தவங்க மேல தப்பில்ல சார். இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு நான் யாருக்காவது சரின்னு சொல்ல முடியுமான்னுதான் பயமா இருக்கு."

பன்னிரண்டாவது ஒரு திங்கட்கிழமை வந்தது. அவள் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் விளிம்பில் நின்று, தண்ணீரில் நிழல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி போனில் கூப்பிட்டார்.

"நல்ல இடம் ஒண்ணு வந்திருக்கும்மா."

"எங்க அண்ணி?"

"பஸ் டிப்போ தாண்டி ரெண்டாவது தெரு."

"டிப்போ பக்கமா? புகையா இருக்குமே. மரம் இருக்கா?"

"மரமா? வாசல்ல ஒண்ணு இருக்குன்னு நினைக்கிறேன். சொந்த வீடும்மா."

"வீட்டுக்காரங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"அவங்களுக்கு முழுச் சம்மதம். அந்த அம்மாவே பேசினாங்க."

"துணி மாத்த ரூம் குடுப்பாங்களா? எத்தனை மணி நேரத்துக்கு விடுவாங்க?"

அண்ணி கத்தியது குவாரியில் எதிரொலித்திருக்கும். "எத்தனை மணி நேரமா? ஏண்டி, ஆயுசு பூரா இருக்கப்போற இடம்டி அது!"

அன்று சாயந்தரம் வீட்டில் சிரித்து முடிக்கவே அரை மணி நேரம் ஆனது. பிறகு அண்ணன் விஷயத்துக்கு வந்தார். பையனுக்கு முப்பத்தெட்டு வயது. இதுவரை ஏன் ஆகவில்லை என்று யாரும் கேட்கவில்லை; இரு பக்கமும் கேட்காமலிருப்பது நல்லது. கட்டடங்களின் லிஃப்டைச் சோதித்துச் சான்று கொடுக்கும் இன்ஸ்பெக்டர்.

"வாழ்க்கைன்னா ஏத்த இறக்கம் இருக்கத்தான் செய்யும். இவருக்கு அது தினமும் உண்டு," என்றார் அண்ணன். தன் நகைச்சுவைக்குத் தானே காத்திருந்து, யாரும் சிரிக்காததால் குரலை மாற்றிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அவங்களுக்கு இன்னொரு இடமும் வந்திருக்காம். நீ இதையும் வேண்டாம்னா வேண்டாம், கோச்சுக்க மாட்டேன். ஆனா இனிமே நான் போய் யார் வாசல்லயும் நிக்க மாட்டேன். உங்க அம்மாவும் நீயும் பாத்துக்கங்க."

"அவளுக்கு மட்டும்தான் நான் அம்மாவா?" என்றாள் அம்மா.

வெயிலக்கா நடப்பதை நிறுத்தினாள். "அவரை மூணு நேரம் பாக்கணும். காலைல, மத்தியானம், சாயந்தரம். தனித்தனியா."

"அவரென்ன ஏரிக்கரையா?" என்றார் அண்ணன்.

அண்ணிதான் துணிந்து போன் போட்டுக் கேட்டார். அந்தப் பக்கத்தில் யாரோ சிரிக்கும் சத்தம். வரச் சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் போனாள். பையனின் அம்மா கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் பொண்ணைப் பாக்கப் போவாங்க. பால் பாக்கெட் வர்றதுக்கு முன்னாடி பையனைப் பாக்க வந்த பொண்ணு நீதாம்மா."

"வெயில் ஏறிட்டா சரியாத் தெரியாதுங்க."

"அவன் ஏற்கெனவே கறுப்புதான். ஏறினாலும் ஒண்ணும் மாறாது. வா உள்ள."

இன்ஸ்பெக்டர் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சட்டைகளைத் தலைகீழாக, ஒரே இடைவெளியில், ஒரே நிறக் கிளிப்பில். அவளுக்கு அது எரிச்சலாக இருந்தது. பேசிக்கொண்டிருந்த பதினைந்து நிமிடத்தில் அவள் சொல்லவந்த வாக்கியங்களை நான்கு முறை அவரே முடித்துவைத்தார், மூன்று முறை தவறாக. திரும்பும் வழியில் பஸ்ஸில் இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் மதியம் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் அவருக்கு வேலை. லிஃப்டை நிறுத்தி வைத்திருந்ததால் படியேறினாள். வழியெல்லாம் ஆட்கள் இன்ஸ்பெக்டரைத் திட்டிக்கொண்டே ஏறி இறங்கினார்கள். உச்சியில், மோட்டார் அறை வாசலில், கையெல்லாம் கிரீஸோடு அவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். காகிதத்தால் பிடித்துக்கொண்டு, வாயில் சத்தம் வர.

"மூச்சு வாங்கிட்டுப் பேசுங்க," என்றார். "நான் இருக்கிற கட்டடத்துல லிஃப்ட் ஓடாது. அதனால என்னைப் பாக்க வர்றவங்க யாரும் சந்தோஷமா வர்றதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எத்தனை ஆச்சு?" என்று கேட்டார்.

"எது?"

"தப்பு. நேத்துலேருந்து கண்ணாலேயே எழுதிட்டிருக்கீங்க."

"ஆறு," என்றாள். பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஆறுதானா? ஒரு லிஃப்டுக்கே நான் முப்பத்தெட்டு பாயிண்ட் பாக்கணும்."

"முப்பத்தெட்டும் சரியா இருந்தாதான் ஓட விடுவீங்களா?"

"அப்படிப் பாத்தா ஊர்ல எல்லாரும் மாடி ஏறிட்டுத்தான் இருக்கணும்." ரொட்டிக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சாயந்தரமும் வருவீங்கன்னு சொன்னாங்க. முன்னாடியே சொல்லிடறேன், சாயந்தரம்தான் நான் மோசம். வேலை முடிஞ்சு வந்தா ரெண்டு மணி நேரம் யார்கிட்டயும் நல்ல முகமாப் பேச வராது. எங்கம்மாவே அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போயிடுவாங்க. வந்து நேர்லயே பாத்துக்கங்க. பின்னால என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அது நேர்மையா, முன்கூட்டியே போட்டுக்கொண்ட கவசமா என்று அவள் ஏழு மாடியும் யோசித்தபடி இறங்கினாள். அன்றும் மறுநாளும் அவளால் ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை. சனிக்கிழமை காலை படம் எடுக்க ஒரு நர்ஸும் அவளுக்கு நிச்சயித்திருந்த பேக்கரிக்காரரும் காத்திருந்தார்கள். "யாருமே எடுக்காத இடமா வேணும்" என்று கேட்டுவிட்டு, எல்லோரும் எடுத்த படங்களைக் காட்டும் வழக்கமான ஜோடி. வெயிலக்கா மூன்று இடங்களைச் சொன்னாள். குவாரியில் பத்து மணிக்குப் பிறகு கண் கூசும். ஏரிக்கரையில் ஈரம். பழைய ரயில் குடோன் பக்கத்தில் உட்கார நிழல் உண்டு, ஆனால் தலைக்கு மேலேயே நாலு மின்கம்பி.

"குடோனே போதும்க்கா," என்றாள் நர்ஸ்.

"கம்பி எல்லாப் படத்துலயும் விழும்மா."

"விழட்டும். அங்க உட்கார நிழல் இருக்குன்னு சொன்னீங்கல்ல? நைட் டியூட்டி முடிச்சு நேரா வர்றேன். கால் வலிக்கும்."

சனிக்கிழமை காலை குடோன் படிக்கட்டில் அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பேக்கரிக்காரர் அவள் பாதத்தைப் பிடித்துவிட்டார். எழுந்து போஸ் கொடுக்கச் சொன்னால் இருவரும் சிரித்தார்கள், எழுந்திருக்கவில்லை. வெயிலக்கா அவர்களைச் சுற்றிச் சுற்றி நடந்து, கம்பி விழாத கோணம் ஒன்றைத் தேடினாள். கிடைக்கவில்லை. "ஒரு நிமிஷம் நில்லு வெயிலு, உன் நிழல் வேற குறுக்க வருது," என்று ஸ்டூடியோக்காரர் அதட்டினார். படங்கள் சுமாராகத்தான் வந்தன. நான் பார்த்திருக்கிறேன், கம்பிகள் தெரிகின்றன.

மாலை ஐந்து மணிக்கு அவள் பஸ் பிடித்து டிப்போவில் இறங்கினாள். இரண்டாவது தெருமுனையில் ஒரு நிறுத்தம், அதன் எதிர்ப்பக்கம் நின்றாள். ஐந்தரைக்கு அவர் வருவார் என்று அண்ணி கேட்டுச் சொல்லியிருந்தார். அவர் முகத்தை, அவருடைய மோசமான நேரத்தில், தூரத்திலிருந்து ஒரு முறை பார்த்தால் போதும். மூன்று நேரமும் பார்த்ததாகிவிடும். அதன் பிறகு அவள் சொல்லும் பதிலை யாரும் கேள்வி கேட்க முடியாது, அவள் உட்பட.

ஐந்தரைக்குப் பஸ் வந்தது. இறங்கியவர்களில் தோளில் கருவிப் பையோடு ஒருவர் இருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் திரும்பி, கம்பத்தில் மாட்டியிருந்த பஸ் நேரப் பலகையின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். செருப்புச் சத்தங்கள் தெருவுக்குள் போய் அடங்கும் வரை அப்படியே நின்றாள். பிறகு வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் வாசலிலேயே காத்திருந்தார். "பாத்தியா?"

"போனேன்."

"போனியான்னு கேக்கல. பாத்தியான்னு கேட்டேன்."

"பாக்கல. சரின்னு சொல்லிடுங்க அண்ணா."

அண்ணன் உள்ளே திரும்பி, சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா அதற்குள் அழ ஆரம்பித்திருந்தாள். அண்ணி மட்டும் விடவில்லை. அவ்வளவு தூரம் போனவள் ஏன் பார்க்கவில்லை, பார்க்காமல் எப்படிச் சரி என்றாள் என்று அன்று கேட்டார், அடுத்த வாரம் கேட்டார், புடவைக்கடையில் வைத்துக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் வெயிலக்கா கொஞ்சம் யோசிப்பாள், சொல்லப்போகிறாள் என்றே தோன்றும்.

"அந்தப் பலகையில கடைசி பஸ் நேரம் தப்பாப் போட்டிருக்காங்க அண்ணி," என்பாள்.