ரோசலின் முகத்தில் திறக்கும் கடை

காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் முன்பின் தெரியாத யாராவது ஒருவர் என்னை 'அடா' என்று கூப்பிட்டுவிடுகிறார். நேரில் இல்லை, கைப்பேசியில். ஆங்கில எழுத்தில், கூடவே ஒரு கேள்விக்குறி. ஆன்லைனில் கடை திறந்தபோது எனக்கு வந்த முதல் செய்தியே அதுதான். நான் பின்னிய குழந்தைத் தொப்பியின் படத்துக்குக் கீழே வணக்கமும் இல்லை, வார்த்தையும் இல்லை, "அடா?" மட்டும். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பெண்பிள்ளையை அப்படிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் 'மரியாதையாகப் பேசவும்' என்று எழுதி அனுப்பினேன். 'மன்னிச்சிருங்க அக்கா' என்று பதில் போட்டுவிட்டுப் போனவள்தான், திரும்பி வரவே இல்லை. சாயங்காலம் நாத்தனார் ரோசலின் தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்ததும் காட்டினேன். படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணி, மலாய்ல அடான்னா 'இருக்கா'ன்னு அர்த்தம் லா. தொப்பி இருக்கான்னு கேட்டிருக்கா. மொத கஸ்டமரையே வெரட்டி விட்டுட்டீங்க."

காதால் கேட்டிருந்தால் புரிந்திருக்கும். எழுத்தில் பார்த்தபோது ஊர் முந்திக்கொண்டது.

பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறேன். கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம். வீட்டுக்காரர் கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறார். பாதி நாள் மலைக்குக் கீழேதான். ரோசலினும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் பனிமூட்டமும்தான். கடைத்தெருவுக்குப் போகவே யாராவது வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். "இந்த ஊர்ல வீட்டுக்குப் பூட்டே வேணாம்மா, வளைஞ்சு வளைஞ்சு போற ரோடே போதும்" என்பார் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா. இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் நான் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். என் கடவுச்சீட்டில் இருக்கும், இங்கே தங்குவதற்கான பாஸை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கூட வந்து நிற்க வேண்டும். நான் வேலை செய்வதென்றால் தனி அனுமதி. விண்ணப்பித்திருக்கிறோம், பதில் வரவில்லை.

லெட்சுமி அக்காவின் பேரனுக்கு நான் ஒரு தொப்பி பின்னிக் கொடுத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. சிவப்பு நூலில் ஸ்ட்ராபெரி மாதிரி, உச்சியில் பச்சைக் காம்பு. அதைப் பார்த்த ரோசலின், "ஆன்லைன்ல போடுவோம் அண்ணி" என்றாள். தேயிலைச் செடியின் மேல் தொப்பியை மாட்டிப் படம் எடுத்தோம். கடைக்குப் பெயர் வைத்தோம். வர்ணம் எழுதினோம், அளவு எழுதினோம். கடைசியில் அந்தச் செயலி அடையாள அட்டை எண்ணைக் கேட்டது. இங்கே அதை ஐசி என்பார்கள். பன்னிரண்டு கட்டம். என் கடவுச்சீட்டு எண் ஓர் எழுத்தில் தொடங்குகிறது. முதல் கட்டம் எழுத்தை வாங்கவே மாட்டேன் என்றது. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். ரோசலின் மெதுவாகக் கைப்பேசியை என் கையிலிருந்து எடுத்து, தன்னுடைய எண்ணைப் போட்டாள். அது அவளைக் கண் சிமிட்டச் சொன்னது, இடப்பக்கம் திரும்பச் சொன்னது, வலப்பக்கம் திரும்பச் சொன்னது. 'நல்வரவு, ரோசலின்' என்றது. கடை அவளுடையது, நான் வீட்டில் பின்னிக் கொடுப்பவள். அப்படித்தான் பேசிக்கொண்டோம். பிறகு அந்த 'அடா'வும் பழகிப்போனது. 'அடா?' என்று கேட்டால் 'அடா' என்று பதில் எழுதினேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேரை அப்படிக் கூப்பிட்டேன்.

மழைக்காலத்தில் ஈப்போவிலிருந்து ஒரு பாலர்பள்ளி ஆசிரியை முப்பது தொப்பி கேட்டார், பிள்ளைகளின் மேடை ஆட்டத்துக்கு. மறுநாள் மதியம் இரண்டு மணிக்குள் 'சரி' என்று அழுத்தாவிட்டால் ஆர்டர் தானாக ரத்தாகிவிடும். அந்த மறுநாள் பார்த்து என் கைப்பேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. வீட்டுக்காரரின் பழைய கைப்பேசியில் கடையைத் திறந்தால், 'புதிய கருவி, முகத்தைக் காட்டவும்' என்றது. முகமோ ஃபேக்டரியில் தேயிலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஃபேக்டரி கேட்டில் கிராணி நின்றிருந்தார். கணக்கு எழுதும் குமாஸ்தாவைத் தோட்டத்தில் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

"என்னம்மா, வீட்ல யாருக்காச்சும் முடியலையா?"

"இல்லைங்க. ரோசலின் மூஞ்சி வேணும்."

"மூஞ்சியா? அதக் கழட்டியா குடுக்க முடியும்?"

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார். நான் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேடசந்தூர் நூற்பாலை விடுதியிலும் இப்படி ஒரு கேட் உண்டு. மூன்று வருஷம் அதற்குள்ளே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா வருவாள். வார்டன் வந்து திறக்கும்வரை வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே இருக்கும் நான்தான் அடைபட்டவள் என்று அப்போது நினைத்துக்கொள்வேன். அந்த விடுதியில்தான் மிச்ச நூலை வைத்துக் குரோஷா பின்னக் கற்றேன், கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல். அம்மாவும் அந்த வெயிலில் எங்கேயும் நகர முடியாமல்தானே நின்றிருப்பாள் என்பது இந்த மலையில் நனைந்துகொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

தலையில் வலைத்தொப்பியும் வாயில் முகமூடியுமாக ரோசலின் வந்தாள். கம்பியிடுக்கில் கைப்பேசியை நீட்டினேன்.

"மாஸ்க்கைக் கழட்டு. கண்ணைச் சிமிட்டச் சொல்லுது."

"சிமிட்டிட்டேன் லா."

"எடது பக்கம் திரும்பு."

"யாரு எடது, என் எடதா, போனு எடதா?"

கம்பிவலை அவள் முகத்தைக் கட்டம் கட்டமாக மறைத்தது. 'முகம் பொருந்தவில்லை' என்றது செயலி. மறுபடியும் அதுவே. இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கிராணி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்டை ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்தார். "ஒரு அடி வெளிய வா. ரெண்டாவது அடி வெச்சா நான் எழுதிருவேன்." அந்த ஓர் அடியில், மழையில், இமையெல்லாம் தேயிலைத் தூளாக ரோசலின் கண் சிமிட்டினாள். கடை திறந்தது.

முப்பது தொப்பிகளும் போய்ச் சேர்ந்தன. முப்பது பிள்ளைகளும் மேடையில் நிற்கும் படத்தை அனுப்பி, 'தெரிமா காசே, ரோசலின் அக்கா' என்று அந்த ஆசிரியை நன்றி சொல்லியிருந்தார். "நான் ஒரு கண்ணிகூடப் போடல அண்ணி" என்று ரோசலின் கூச்சப்பட்டாள். அந்தப் படத்தை ஊரில் அம்மாவுக்கு அனுப்பினேன். "எல்லாம் சரி, உன் பேரு எங்கடி?" என்றாள்.

இப்போது ரோசலினுக்கு ஜொகூர்ப் பக்கம் வரன் பேசுகிறார்கள். நல்ல இடம், நல்ல பையன். அவள் போனால் கடையும் அவளோடு ஜொகூருக்குப் போகும். கோயிலில் முழங்காலிட்டு அவளுக்கு நல்லபடியாக அமைய வேண்டும் என்று மன்றாடுகிறேன். 'இந்த வருஷம் வேண்டாம்' என்று ஒரு வார்த்தை கூடவே வந்துவிடுகிறது. அதை விழுங்கிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டார்கள். வீட்டு வெள்ளைச் சுவர் ஓரம் அவளை நிறுத்தி நான்தான் எடுத்தேன். ஒன்று மங்கலாக வந்தது, ஒன்று மிக அழகாக வந்தது. கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழகானதை அனுப்பினேன்.

"இப்ப நீங்க நில்லுங்க அண்ணி. பாஸ் புதுப்பிக்கணும்ல" என்று ரோசலின் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். அதே சுவர் ஓரம் நின்றேன். "சிரிக்காதீங்க, பாஸுக்குச் சிரிக்கக் கூடாது." சிரிக்காமல் ஒன்று எடுத்தாள். "இப்ப சிரிங்க, இது அத்தைக்கு." என் அம்மாவை அவள் அத்தை என்றுதான் சொல்வாள். அதற்கு ஒன்று. என்னுடைய அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். தெரியாதவர்கள் பார்த்தால் அக்கா தங்கை என்பார்கள். யார் மூத்தவள் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.