இன்னும் அழுகிறான்

எழுத்துக்கூட்டிப் படிக்க வராத என் மகளுக்காக, ஆண்டு முழுவதும் தங்கிப் படிக்கும் சிறப்புப் பள்ளி ஒன்றைப் பார்க்கத் தொண்டாமுத்தூர் போயிருந்தேன். பார்வையாளர் அறையில், சூலூரில் தறி ஓட்டும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான தேகம். மகனின் துவைத்த சட்டையை மடியில் வைத்து, மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"பையன் இங்க நல்லா இருக்கானுங்களா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கானுங்க. வந்த புதுசுல, நான் கெளம்புனா காலைக் கட்டிக்கிட்டு அழுவானுங்க. இப்ப டாட்டா காட்டிப்போட்டு வெளையாட ஓடிர்றான்."

"நல்லதுதானுங்களே?"

"நல்லதுதானுங்க. ஊட்டுல அவங்கம்மாகிட்ட மட்டும், இன்னும் அழுவறான்னுதான் சொல்றனுங்க."

மகளை அங்கேதான் சேர்த்தேன். அந்தப் பொய்யை அவர் மனைவிக்காகச் சொன்னாரா, தனக்காகவா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.