வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

செயற்கைப் பல் செய்யும் லேப் ஒன்றில் அவள் இருபத்தோரு வருடமாக வேலை பார்த்துவந்தாள். பல்லுக்கு நிறம் பார்ப்பதை அங்கே ‘ஷேடு’ பார்ப்பது என்பார்கள்; அதனால் எல்லாருக்கும் அவள் ‘ஷேடு அக்கா’. பல் என்றால் வெள்ளை என்று நினைப்பவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். ஈறோரம் மஞ்சள், நடுவில் தந்த நிறம், கடிக்கும் விளிம்பில் சாம்பலோடிய நீலம் என்று ஒரே பல்லுக்குள் நாலைந்து நிறம் இருக்கும். மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றுவிடுவாள். “டியூப்லைட்டு பொய் சொல்லும், பகல் வெளிச்சம்தான் மூஞ்சிக்கு நேரா பேசும்” என்பாள். அவள் நிறம் பார்த்துக் கொடுத்த பல் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

முப்பத்தைந்து வயதுக்கு மேல், சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்து எண்ணெய் வண்ணம் பழகினாள். மற்றவர்கள் மலையும் ஏரியும் தீட்டியபோது இவள் அறைகளைத் தீட்டினாள், அறைக்குள் இருக்கும் மனிதர்களோடு. கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டும் பெண், வேலை முடிந்து வந்து வாளித் தண்ணீரில் பாதத்தை ஊறவைக்கும் கூட வேலை செய்பவள், ஒரு காலுறையைப் போட்டுவிட்டு இன்னொன்றைத் தேடும் ஆள். அவள் குடியிருந்த மாடி அறையின் சொந்தக்காரம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, நல்லா தலை வாரி, பவுடர் போட்டு நிக்கும்போது வரையக் கூடாதா?” என்று கேட்டார். “அப்ப எல்லாரும் ஒரே மாதிரி இருப்பாங்களே” என்றாள்.

அவளுக்கு ஒரே அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். அம்மா அவனோடு இருந்தாள். அண்ணி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். அம்மா முப்பது வருடம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஒரு எழுத்துப் பிழை விடமாட்டாள் என்று பேர். அந்த அம்மாவுக்கு மூன்று வருடமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு முகங்கள். அதன்பிறகு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டைவிட்டுக் கிளம்பத் தொடங்கினாள். இரண்டு முறை காணாமல் போனாள். இரண்டாவது முறை, லாரிகள் போகும் பெரிய சாலையின் நடுத்திட்டில் நைட்டியோடு நின்றவளை யாரோ பிடித்து வைத்திருந்தார்கள்.

அதற்கு மறுநாள் அண்ணன் அம்மாவின் அறைக்கதவில், வெளிப்பக்கம், ஒரு தாழ்ப்பாள் அடித்தான். காலை எட்டரைக்கு இருவரும் வேலைக்குக் கிளம்பும்போது போடுவார்கள். ஒரு மணிக்கு அண்ணி ஓடிவந்து சாப்பாடு ஊட்டிவிட்டு, திரும்பப் போட்டுவிட்டு ஓடுவாள். ஐந்து மணிக்குத் திறப்பார்கள்.

ஷேடு அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போவாள். ஒருநாள், “அண்ணி, அம்மாவை வரையட்டுமா?” என்று கேட்டாள்.

“வரைஞ்சுக்கோ. அவங்களுக்கும் ஆள் துணை. எனக்கும் ரெண்டு மணி நேரம் துணி துவைக்க ஆகும்” என்றாள் அண்ணி.

அம்மா கட்டில் விளிம்பில் அமைதியாக உட்கார்ந்திருப்பாள். மகளை அடையாளம் தெரியாது. “சாட்சி சொல்ல வந்தீங்களா? வக்கீல் வர லேட்டாகும், உக்காருங்க” என்பாள் மரியாதையாக. ஷேடு அக்காவும் உட்கார்ந்துகொள்வாள். ஒரு வாரம் பூசியது அடுத்த ஞாயிற்றுக்குள் காய்ந்திருக்கும். அதன்மேல் அடுத்த பூச்சு. ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. கழுத்தின் தளர்ந்த தோலுக்கு மட்டும் மூன்று ஞாயிறு ஆனது. சுவரில் காலண்டர் தொங்கிய இடத்து வெளிறல், தலையணை உறையில் எண்ணெய்க் கறை, மூடி கழன்ற தண்ணீர் பாட்டில், எல்லாம் வந்தன.

கதவு அறைக்குள் திறக்கும் கதவு. திறந்து வைத்தால் வெளிப்பக்கம் உள்ளே தெரியும். எனவே தாழ்ப்பாளும் தெரிந்தது. அந்த அறையிலேயே புதிய பொருள் அதுதான். பளபளவென்று, படத்தில் வேறெதையும்விட வெளிச்சமாக வந்து நின்றது.

ஒரு வாரம் அதை விட்டுவிட்டு வெறும் கதவைத் தீட்டிப் பார்த்தாள். கதவு அட்டைபோல இருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தாழ்ப்பாளைப் போட்டாள். கண்ணால் கண்டதைத்தானே போடுகிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது முழு உண்மையல்ல. பூட்டிய அறைக்குள் அந்த எட்டு மணி நேரமும் அம்மா என்ன செய்வாள் என்று அவள் அண்ணியை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் ‘அப்போ நீ வந்து பார்த்துக்கோ’ என்று பதில் வருமோ என்று பயம். கேட்காத கேள்வி நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதைக் கொண்டுபோய்ப் படத்தில் வைத்தாள்.

கடைசி மூன்று வாரம் படத்தைத் தன் அறைக்கு எடுத்துப்போய் முடித்தாள். அண்ணனும் அண்ணியும் முடிந்த படத்தைப் பார்க்கவில்லை. நூலக மாடியில் வகுப்பு மாணவர்களின் கண்காட்சி நடந்தபோது அழைத்தாள். அம்மாவை விட்டுவிட்டு வர முடியாது என்றார்கள். படத்தின் கீழே ‘அம்மாவின் அறை’ என்று சீட்டு ஒட்டி, தன் பெயரையும் எழுதிவைத்தாள்.

வந்தவர்கள் மலைகளையும் ஏரிகளையும் கடந்துவந்து அதன் முன்னால் நின்றார்கள். ஒரு பெண் தாழ்ப்பாளை விரலால் சுட்டி, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். ஷேடு அக்காவுக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. அதை அவள் பின்னாளில் மறைக்கவில்லை.

யாரோ படத்தைப் போனில் எடுத்து, ‘பெற்ற தாயைப் பூட்டி வைக்கும் பிள்ளைகள்’ என்று எழுதி ஊரெல்லாம் சுற்றவிட்டார்கள். நாலே நாளில் அது அண்ணனின் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. தங்கை பெயர் எல்லாருக்கும் தெரியும். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தவனிடம், மேலிருந்து ஒருவன், “உங்கம்மாவும் இப்படித்தான் உள்ள இருக்காங்களாமே?” என்று கேட்டான். அடுத்த வாரம் முதியோர் நலன் பார்க்கும் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்தும் சாத்தியும் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணிதான் பேசினாள்.

“நீ வாரத்துல ரெண்டு மணி நேரம் வர்ற. எங்களுக்கு ஏழு நாளும் இருக்கு.”

“அண்ணி, நான் உங்களைத் தப்பா காட்டணும்னு...”

“தாழ்ப்பாளைக் காட்டின. சரி, அது இருக்கு, இல்லைன்னு சொல்லல. பீ மூத்திரம் அள்ளுறேனே, அது உன் படத்துல எந்த மூலையில இருக்கு? நடுரோட்டுல நின்னாங்களே, அது எங்க இருக்கு? ஒரு மணிக்கு பஸ் கிடைக்காம ஓடி வர்றேனே, அதை எந்தக் கலர்ல போட்ட?”

அண்ணன் எழுந்தான். கருவிப்பெட்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தாழ்ப்பாளின் நான்கு திருகுகளையும் கழற்றினான். தாழ்ப்பாளை அவள் கையில் வைத்தான்.

“இந்தா. படம் வரைய மாடலா வெச்சுக்கோ” என்றான்.

அதன்பிறகு எந்தக் கதவையும் பூட்டாமல்தான் அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனார்கள். பத்தாம் நாள், புதன்கிழமை, பகல் பதினொன்றரைக்கு லேபில் அவள் போன் அடித்தது. அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர். வாசல் கதவு அகலத் திறந்து கிடக்கிறது, அம்மாவைக் காணோம் என்றார். சூளையில் வெந்துகொண்டிருந்த பற்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். மூவரும் ஆளுக்கொரு திசையாகத் தேடினார்கள். நாலரை மணிக்கு, நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில், மூடிக் கிடந்த ஒரு ஜெராக்ஸ் கடைப் படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பில்லை. உள்ளங்காலில் கண்ணாடி ஏறி ரத்தம் உறைந்திருந்தது. அந்தக் கடை இருந்த இடத்தில்தான் முன்பு வக்கீல் ஆபீஸ் இருந்தது. மகளைப் பார்த்ததும், “சாவி யாருகிட்ட இருக்கு? எனக்கு நேரமாகுது” என்று கோபித்துக்கொண்டாள்.

அதன்பிறகு யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. ஷேடு அக்கா லேபில் கெஞ்சிக் கூத்தாடிப் பிற்பகல் வேலையாக மாற்றிக்கொண்டாள். பகல் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும் வேலை அது. முதன்முறையாக அவள் நிறம் பார்த்த பல் ஒன்று திரும்பி வந்தது. அண்ணி ஒரு மணியோடு வேலை முடியும்படி கேட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் இவள், மதியத்துக்குமேல் அவள். வாசலில் ஒருவரையொருவர் கடக்கும்போது, “சாப்பிட்டாங்க”, “மருந்து கொடுத்தாச்சு” என்பதற்குமேல் பேச்சில்லை. அண்ணன் அதுகூடப் பேசவில்லை.

அந்தக் காலைகளில் அம்மா ஒரு நிமிடம் உட்காரமாட்டாள். அறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பாள். கதவைத் தட்டுவாள், ஊட்டிய சோற்றைத் துப்புவாள், குளிப்பாட்டப் போனால் முடியைப் பிடித்து இழுப்பாள். ஒருநாள் மகளின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். நோய் முற்றிவிட்டது என்று ஷேடு அக்கா நினைத்தாள். படம் வரைந்த நாட்களின் அமைதியான அம்மாவை நினைத்துக் குளியலறையில் நின்று அழுதாள். தூரிகையைத் தொடவில்லை.

ஏழாம் மாதம் நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்து, அம்மா போய்ச் சேர்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, அண்ணி ஒரு பையோடு மாடி அறைக்கு வந்தாள். அந்த அறைக்கு அவள் வருவது அதுதான் முதல்முறை.

“அவங்க துணி. நல்லதா நாலஞ்சு இருக்கு. நீ எடுத்துக்கோ.”

“உக்காருங்க அண்ணி. டீ போடுறேன்.”

டீ கொதிக்கும்போது அண்ணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த கேன்வாஸைக் கண்டு, “அதுதானே?” என்றாள். ஷேடு அக்கா தலையசைத்தாள். “திருப்பு. முடிச்சதை போன்லதான் பாத்திருக்கேன்.”

திருப்பி ஜன்னலோரம் வைத்தாள். அண்ணி வெகுநேரம் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. பார்வை அம்மாவின் முகத்திலேயே இருந்தது.

“கழுத்து அப்படியே இருக்கு” என்றாள். “ஆனா இவங்க இப்படி உக்காந்ததே இல்ல.”

“அப்ப உக்காந்தாங்களே அண்ணி. அஞ்சு மாசமும் என் முன்னாடி இப்படித்தான் உக்காந்தாங்க. அப்புறம்தான் முத்திப் போச்சு.”

அண்ணி இல்லையென்று தலையாட்டினாள். “முத்தல்லாம் இல்ல. எப்பவும் அப்படித்தான். உங்க அண்ணன் தோள்ல இன்னும் தழும்பு இருக்கு, போய்ப் பாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் விடிஞ்சதும் குளிப்பாட்டி, தலை வாரிவிட்டு, அரை தூக்க மாத்திரை சேத்துக் கொடுப்பேன். ரொம்ப அடம் பண்ணா கொடுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நீ வர்றன்னு கொடுப்பேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“மக வந்து பாக்கும்போது அம்மா அம்மாவா இருக்கட்டும்னுதான்.”

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. ஷேடு அக்கா ஓடிப்போய் அணைத்தாள். மிச்சமிருந்ததை ஒரே டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணி நின்றபடியே குடித்தாள். கிளம்பும்போது, “அண்ணன் உன்னோட பேசுவாரு. நாளாகும்” என்றாள். படத்தைப் பற்றி வேறெதுவும் சொல்லவில்லை.

அவள் படியிறங்கிப் போனபின், ஷேடு அக்கா படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஐந்து மாதம் பார்த்துப் பார்த்துத் தீட்டிய முகம். கண்ணிமைகள் லேசாகச் சரிந்திருப்பதை அவள்தான் அவ்வளவு துல்லியமாகப் போட்டிருந்தாள். வயதின் சரிவு என்று நினைத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் மங்கும்வரை அந்த இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.