பிள்ளைகள் ஆறும் வரை

வியாழக்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டுவித்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. மறுமுனையில் மெக்டலின் மிஸ்ஸின் மகள் ஷாமினி. சுற்றிவர ஒரே இரைச்சல். "கேக்கேல்ல, சத்தமாக் கதையுங்கோ பிள்ளை" என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை, இன்னும் கொஞ்சம் தணித்தாள். தாயின் பழக்கம். நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒரு கடையின் ஓரமாக ஒதுங்கினேன். "மாஸ்டர், ஆறுதலாக் கேளுங்கோ. அம்மா விடியக் காலையில போயிட்டா" என்றாள். வெட்டிய மீனை வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன். மீன்காரர் அடுத்த நாள் என்னைக் கண்டு ஞாபகப்படுத்திய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

மெக்டலின் மிஸ்ஸை அறிந்தவர்களுக்கு நான் அறிமுகம் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வகுப்பு நடக்கிறது. அதை நானும் அவரும் பதினொரு வருடம் சேர்ந்து நடத்தினோம். சேர்ந்து என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் சண்டை பிடித்துக்கொண்டுதான் நடத்தினோம். நான் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். என் கழுத்தில் விசில் தொங்கும். அவர் ஆசிரியரே அல்ல. ஒரு கப்பல் கம்பனியில் முப்பது வருடம் டெலிபோன் ஒபரேட்டராக இருந்தவர். பிள்ளைகள் அவரை மிஸ் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். வகுப்பில் முதல் ஒன்றேகால் மணித்தியாலம் எனக்கு. ஓட்டம், பந்து, கயிறு இழுப்பு. கடைசிப் பதினைந்து நிமிடம் அவருக்கு. ஓடிக் களைத்த பிள்ளைகளை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. அந்தப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் எங்கள் சண்டை எல்லாம்.

அவர் அதற்கு 'ஆறுற நேரம்' என்று பெயர் வைத்திருந்தார். பிள்ளைகளைத் தரையில் படுக்க வைப்பார். "எல்லாரும் ஐஸ்பழம். வெயில்ல வச்சாச்சு. முதல்ல கால் கரையுது" என்பார். கால், கை, கழுத்து என்று ஒவ்வொன்றாகக் கரையும். அல்லது கண்ணை மூடிக்கொண்டு துறைமுகத்தில் கப்பல் ஊதும் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும். கேட்டவர் ஒரு விரலை மட்டும் உயர்த்தலாம், வாய் திறக்கக் கூடாது. இன்னொரு நாள் ஒரு நிமிடம் முடிந்துவிட்டது என்று தோன்றும்போது எழுந்து உட்கார வேண்டும். சில பிள்ளைகள் பத்து எண்ணுவதற்குள் எழும்புவார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்பது சட்டம். ஒருவர் முதுகில் ஒருவர் விரலால் படம் வரைவதும் உண்டு. ஆமை வரைந்தால் அநேகமாக எல்லாரும் தோசை என்றுதான் சொல்வார்கள். கூச்சப்பட்டு நெளியும் பிள்ளைகள்கூடக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவார்கள்.

எனக்கு இதெல்லாம் ஆரம்பத்தில் பிடிக்கவேயில்லை. விளையாட வந்த பிள்ளையைப் படுக்க வைப்பது என்ன விளையாட்டு? ஒரு தகப்பன் கேற்றடியில் நின்று, "படுக்கிறதுக்கு வீட்டில பாய் இருக்கு மிஸ்" என்று நக்கலடித்தபோது நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். மிஸ் சிரித்துக்கொண்டே, "பாய் இருக்கு, பிள்ளை படுக்குதா?" என்று கேட்டார். அந்தத் தகப்பன் அடுத்த கிழமையும் பிள்ளையை அனுப்பினார்.

அவர் ஒருபோதும் கத்தியதில்லை. நாற்பது பிள்ளைகள் போடும் கூச்சலுக்குள் அவர் தன்பாட்டில் மெதுவாகக் கதைக்கத் தொடங்குவார். முன்வரிசை கேட்பதற்காக வாயை மூடும், பிறகு அடுத்த வரிசை. இந்த வித்தை எப்படி என்று ஒருநாள் கேட்டேன். "டெலிபோன்ல கத்துறவரோட நாங்களும் கத்தினா ரெண்டு பேருக்கும் ஒண்டும் விளங்காது மாஸ்டர். நாங்க குரலைக் குறைச்சா அவர் தானாக் காது குடுப்பார். கப்டன்மாரே அடங்கியிருக்கிறாங்க, இதுகள் பிள்ளைகள்தானே" என்றார். நான் அன்று வீட்டில் என் மனைவியிடம் முயன்று பார்த்தேன். "என்ன, தொண்டை கட்டிப்போச்சா?" என்று கேட்டாள்.

என் விளையாட்டு எப்போதும் நேரத்துக்கு முடியாது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று அவருடைய நேரத்தைச் சாப்பிடுவேன். அவர் மணிக்கூட்டைக் காட்டுவார், நான் காணாததுபோல மறுபக்கம் திரும்பி நிற்பேன். ஒரு சனிக்கிழமை இரண்டு அணிகளும் சமநிலையில் வந்து, முழுப் பதினைந்து நிமிடத்தையும் நானே எடுத்துவிட்டேன். வெற்றிக் கூச்சலோடு பிள்ளைகள் நேரே கேற்றுக்கு ஓடினார்கள். ஒரு பையன் நிற்க முடியாமல் அதே வேகத்தில் தெருவுக்குள் போய்விட்டான். வந்துகொண்டிருந்த ஓட்டோ முட்டுவதுபோல வந்து நின்றது. பையன் விழுந்து முழங்கால் தேய்ந்ததோடு சரி. ஓட்டோக்காரர் சிங்களத்தில் எனக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அத்தனைக்கும் நான் தகுதியானவன். மிஸ் பையனின் காலைக் கழுவிக்கொண்டே ஒன்றே ஒன்று சொன்னார்: "அடுப்பில இருந்து இறக்கினதை அப்பிடியே கையில குடுக்கிறீங்க, மாஸ்டர்."

பிராயச்சித்தமாகப் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதி, பிரதி எடுத்துக் கொடுத்தேன். 'பிள்ளைகள் ஆறும் வரை வீட்டுக்கு அனுப்பப்படமாட்டார்கள்' என்பது அதன் முக்கியமான வரி. அவசரத்தில் ஒரு 'ம்' விட்டுப்போய்விட்டது. 'பிள்ளைகள் ஆறு வரை வீட்டுக்கு அனுப்பப்படமாட்டார்கள்' என்று நாற்பது வீடுகளுக்குக் கடிதம் போயிற்று. வகுப்பு முடிவது ஐந்தரைக்கு. அடுத்த சனிக்கிழமை ஐந்தரைக்கு மிஸ்ஸின் ஆறுற நேரமும் முடிந்து கேற்றைத் திறந்தால், தெருவில் ஒரு தாய் தகப்பனையும் காணவில்லை. எல்லாரும் ஆறு மணிக்கு வரப்போகிறார்கள். நாற்பது பிள்ளைகளும் நாங்களும் கையில் ஒரு முழு அரை மணித்தியாலமும். நான் பதறிப்போய்க் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மிஸ் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் விழுந்து விழுந்து சிரித்ததை அன்றுதான் கண்டேன். "பதினைஞ்சு நிமிஷத்துக்கு உங்களோட எத்தினை வருஷம் மல்லுக்கட்டினேன். ஒரு 'ம்'மை விட்டு அரை மணித்தியாலம் தந்திட்டீங்களே!" என்றார். அந்த நேரத்தை அதன்பிறகு யாரும் மாற்றவில்லை. ஐந்தரைக்கு என் விளையாட்டு முடியும், ஆறு மணி வரை அவருடையது. கடிதத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார் என்று ஷாமினி செத்தவீட்டில் சொன்னாள்.

அரை மணித்தியாலம் கிடைத்த பிறகுதான் அவர் தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்தார். எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். விளிம்பு வரை நிரப்பிய டம்ளர் கைமாறிக் கைமாறிச் சுற்றிவர வேண்டும். பேச்சு இல்லை. சிந்தினால் திட்டும் இல்லை. துடைத்துவிட்டு, நிரப்பி, அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஒருநாள் என்னையும் வட்டத்தில் இழுத்து உட்கார்த்தினார்கள். தொட்டதும் துள்ளும் பிள்ளைகளெல்லாம் ஒரு துளி சிந்தாமல் கொடுத்தார்கள். என் கைக்கு வந்ததும் என் சட்டையெல்லாம் தண்ணீர். பிள்ளைகள் சட்டத்தை மறந்து சிரித்தார்கள். மிஸ் மட்டும் சிரிக்காமல் டம்ளரை நிரப்பி மறுபடி என்னிடமே நீட்டினார். "ஆறுதலா, மாஸ்டர். உங்கட பஸ் ஒண்டும் இப்ப போகல்ல" என்றார். நாலாவது தடவையில்தான் அது என்னைத் தாண்டிப் போனது.

இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு நோய் முற்றி, மகளோடு கிருலப்பனைக்குப் போனார். போகும்போது அந்த அரை மணித்தியாலத்தை என்னிடம் ஒப்படைத்தார். நான் என்ன செய்தேன் என்று அவரை நேசித்த உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் கிழமை முயன்றேன். ஐஸ்பழம் கரையவில்லை. "கரையுங்கோ!" என்று அதட்டினால் எது கரையும்? எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டாம் கிழமையிலிருந்து ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும் வரை பந்தை உருட்டினேன். மிச்ச நேரம் வரிசையில் நிற்க வைத்து அனுப்பினேன்.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது நன்றாக மெலிந்திருந்தார். நலம் விசாரிக்க முன்பே, "எத்தினை மணிக்கு விளையாட்டை நிப்பாட்டுறீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சரைக்குத்தான் மிஸ். சரியா அஞ்சரைக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பொய் சொல்லேக்க நீங்க குரலை உசத்துவீங்க மாஸ்டர். முப்பது வருஷம் காதால சம்பாரிச்சவள் நான்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, "எனக்கு உங்களைப்போலச் செய்ய வராது மிஸ்" என்றேன்.

"வராட்டிச் சும்மா இருங்க. ஆனா அந்த அரை மணித்தியாலத்தில கை வைக்காதீங்க. என்னைப் பிடிக்குமெண்டால் அதை மட்டும் செய்யுங்க" என்றார். கையை நீட்டினார், சத்தியம் செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு சனிக்கிழமைகளும் தெருவெல்லாம் மழை வெள்ளம், வகுப்பு நடக்கவில்லை. மூன்றாவது வரும் முன்னே அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். மறுநாள் வகுப்பை நிறுத்தலாம் என்று ஆலயத்தில் சொன்னார்கள். நான் நடத்துகிறேன் என்றேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள். எல்லாருக்கும் செய்தி தெரிந்திருந்தது. வழக்கம்போல ஓட வைத்தேன், சரியாக ஐந்தரைக்கு விசில் ஊதினேன். சொல்லாமலே எல்லாரும் தரையில் படுத்துக்கொண்டார்கள். நான் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "மூச்சை மெதுவா இழுங்கோ" என்றேன். அது எனக்கே கட்டளைபோலக் கேட்டது. குரலைத் தணித்தேன். இன்னும் தணித்தேன். தணித்த குரலுக்குள் இருந்து அழுகைதான் வந்தது. அத்தனை நாளும் என் சத்தத்துக்குள் அது ஒளிந்திருந்திருக்கிறது.

நான் நிறுத்திவிட்டேன். நாற்பத்திரண்டு சோடிக் கண்களும் திறந்து என்னைப் பார்த்தன. பக்கத்தில் படுத்திருந்த ஒன்பது வயது ஷிஃப்னா, வேறு யாருக்கும் கேட்காத மாதிரி, "சேர், நீங்க இன்னும் ஆறல்ல. வாங்க, படுங்க" என்று சொல்லி நகர்ந்து இடம் விட்டாள். முழங்கால் இரண்டும் நெட்டி முறிய, அறுபத்தெட்டு வயதில், அந்தச் சீமெந்துத் தரையில் இறங்கிப் படுத்தேன். எங்கோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது, இன்னொன்று அதை அடக்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை, எண்ணவில்லை, கரைக்கவில்லை. ஆறு மணியாகி, பெற்றோர் வந்து வாசலில் நின்றது எனக்குத் தெரிந்தது. ஒருவரும் பிள்ளையைக் கூப்பிடவில்லை. நான் எழும்பிய பிறகுதான் பிள்ளைகள் எழும்பினார்கள். நடந்தே வெளியே போனார்கள்.

அவருடைய விளையாட்டுக்களை ஒரு கொப்பியில் எழுதித் தரட்டுமா என்று ஷாமினி கேட்டாள். வேண்டாம் என்றேன், அவை பிள்ளைகளிடம் இருக்கின்றன. நான் வைத்துக்கொள்வது ஐந்தரையிலிருந்து ஆறு வரை. அதில் இனி ஒரு நிமிடமும் தொடமாட்டேன். பிள்ளைகளுக்காக என்று நினைத்துத்தான் உங்கள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன், மிஸ். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஆறத் தெரிந்திருக்கிறது. அந்த அரை மணித்தியாலம் எனக்குத்தான் தேவைப்படுகிறது.