மூன்றாம் மாடிக்கு நானூற்றைம்பது வாட்

கீர்த்திக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் நாலு வருஷமாக நின்றபடிதான் வேலை. வருகிற லாரியில் கண் பட்டதுமே விரல் நம்பரை அடித்து முடித்திருக்கும். அந்தக் கண்ணும் கையும்தான் அவளை ஐந்து பேர் கொண்ட ஒரு கேமிங் டீமில் சேர்த்தன. யார்டில் அவள் வெறும் 'கேட்டுப் பொண்ணு'. டீமில்தான் அவளுக்குப் பெயர் இருந்தது.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து. கடைசி இரண்டு மேட்சிலும் பாதியில் அவள் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. டீம் கேப்டன் தீனா போனில் சுற்றி வளைக்கவில்லை.

"இன்னொரு தபா ஆஃப் ஆச்சுன்னா வேற ஆள பாத்துக்குறேன். தப்பா நெனச்சிக்காத."

கரண்டில்தான் கோளாறு என்று அவள் முடிவு கட்டினாள். தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடி. நாலு வீட்டுக்கும் ஒரே பழைய லைன். ஒரு வீட்டில் மிக்ஸி ஓடினால் அடுத்த வீட்டு லைட் மங்கும். கம்ப்யூட்டர் வருகிறது என்றதுமே அக்கம்பக்கம் முகம் சுளித்தது. அதனால்தான் கம்ப்யூட்டர் கடைக்காரி ரிஃபானா எழுநூற்றைம்பது வாட் பவர் சப்ளை டப்பாவை எடுத்துவைத்தபோது இவள் பிடிவாதமாக நானூற்றைம்பதை வாங்கினாள். "கொஞ்சமாதான் இழுக்கும்" என்று வீடு வீடாகச் சொல்லியும் வைத்தாள்.

ஞாயிறு மத்தியானம் மறுபடி வீடு வீடாகப் போனாள். நாலு மணிக்கு மேட்ச், அதிலிருந்து ஒரு மணி நேரம் எதையும் போட வேண்டாம் என்று கேட்டாள். மே மாத வெயிலில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் யாரும் முணுமுணுக்கவில்லை. பக்கத்து வீட்டு நீலா கிரைண்டரை நிறுத்தினாள். ஃபேன்கள்கூட நின்றன. மீன் வறுத்து விற்கிற எதிர்வீட்டு ராஜாத்தி, "நீ ஆடு கண்ணு, ஃப்ரிட்ஜயும் அமத்திடுறேன்" என்றாள்.

கடைசி ரவுண்டு வரை ஓடியது. கீர்த்தியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. திரையில் குண்டு வெடித்து எங்கும் நெருப்பானபோது கம்ப்யூட்டர் செத்தது. தலைக்கு மேலே ட்யூப்லைட் ஒரு சிமிட்டுகூட இல்லாமல் எரிந்தது.

ரிஃபானாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"கரண்ட்டுல ஒண்ணியும் இல்ல. குண்டு வெடிக்க சொல்லோ கிராஃபிக்ஸ் கார்டு ஒரு நொடி கரண்ட்ட டபுளா கேக்கும். உன் டப்பாவால குடுக்க முடியல, அணைஞ்சிடுது. எழுநூத்தம்பதுன்னா மொத்தத்தையும் முழுங்கிடாது, தேவைக்குத்தான் இழுக்கும். அன்னிக்கே சொன்னேன், நீ காதுலயே போட்டுக்கல."

போனை வைப்பதற்குள் தீனாவின் மெசேஜ் வந்திருந்தது: சாரி கீர்த்தி.

அழுகையா ஆத்திரமா என்று தெரியாமல் அறைக்குள் நடந்துகொண்டிருந்தபோது ராஜாத்தி வாசலில் வந்து நின்றாள். வேர்வையில் ஜாக்கெட் நனைந்திருந்தது.

"நீ ஆடுற சத்தம் நின்னுபோச்சேன்னு ஓடியாந்தேன். என்னாலதான் கண்ணு. மீனு கெட்டுப்பூடும்னு பயந்து நடுவுல ஃப்ரிட்ஜ போட்டுட்டேன். ரெண்டே நிமிசம்."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் பழி அந்த ஃப்ரிட்ஜோடு போய்விடும். ஒரு கணம் கீர்த்திக்கு அந்த ஆசை வந்தது. வந்ததற்கே கூசியது.

"இல்லக்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் வாங்குனதுதான் தப்பு."

ராஜாத்தி நம்பவில்லை. "என் மனசு நோவக்கூடாதுன்னு சொல்ற" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அடுத்த ஆட்டம் எப்பன்னு மட்டும் சொல்லு. மீன ஐஸ் பொட்டில வெச்சிடுறேன்."

அடுத்த ஆட்டம் இல்லை என்பதை கீர்த்தியால் அவளிடம் சொல்ல முடியவில்லை.