இருபது படி இடைவெளி

ராஜவேலு பட்டாளத்திலிருந்து திரும்பி, கே.ஜி.கண்டிகையில் ஆட்டோ ஓட்டத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. கிருத்திகை தவறாமல் மனைவி கல்பனாவோடு திருத்தணி மலை ஏறுவார். பேருக்குத்தான் அவளோடு. அவர் இருபது படி ஏறித் திரும்பி நின்ற பிறகுதான் அவள் கிளம்ப வேண்டும்; அவள் வந்து சேர்ந்ததும் அவர் அடுத்த இருபது படி ஏறுவார். ஊரே கும்பல் கும்பலாக அரோகரா போட்டுக்கொண்டு ஏற, இவர்கள் மட்டும் சண்டை போட்டவர்கள் மாதிரி. கல்பனா தலையைக் குனிந்து, முணுமுணுத்துக்கொண்டே ஏறுவாள்.

இந்தச் சித்திரையில் அவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "என்கூட நடக்க வெக்கமாங்க?"

அவர் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காஷ்மீர்ல இதே மாசம். ரெண்டு நாள் பனி கொட்டிச்சு, மூணாம் நாள் நல்ல வெயில். நாங்க நாலு பேரு, எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்க. ஒரு பனிச் சரிவைத் தாண்டணும், இந்த மலை ஏறுற மாதிரியே கும்பலா கெளம்பினோம். புதுப் பனி இன்னும் இறுகல, ஒவ்வொருத்தரா போங்க, மத்தவங்க பார்த்துகினு நில்லுங்கன்னு ஹவில்தார் கத்தினாரு. எனக்குக் கோவம். மொணகிகினே மொதல்ல போனேன். பாதி சரிவுல பனி பேந்து வந்து என்னை மூடிடுச்சு. எங்க மறைஞ்சேன்னு மூணு பேரும் பார்த்ததால தோண்டி எடுத்தாங்க. ஒண்ணா போயிருந்தா தோண்ட யாரு இருந்திருப்பா?"

"இங்க ஏதுங்க பனி?"

"தெரியும். ஆனா நீ வந்து சேர்ற வரைக்கும் கண்ணை எடுக்க மனசு வரல."

கல்பனா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"சரி, ஏறுங்க. நான் பார்த்துகினு நிக்கிறேன்."